உப்புக்காற்று வீசும் வாசல்: சுவர், கேட், கதவு, படி வேலைகள்

இராமநாதபுரம் கடலோரத்தில் வருஷா வருஷம் பெயின்ட் அடித்தும் வெளிச்சுவர் நிற்கவில்லை என்றால், பெயின்டைக் குறை சொல்வதற்கு முன் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உப்புதான் இருக்கும். சுவரிலும் இரும்பிலும் ஊறிய உப்பை எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் உரியும். விலை கூடின பூச்சு கொஞ்சம் தாமதமாக உரியும், அவ்வளவுதான். கீழே வரும் வேலைகளில் பாதி நேரம் கழுவுவதிலும் காயவிடுவதிலும் போகும். அதில் அவசரப்பட்டால் மீதிப் பாதி வீண்.

வேலைக்கு ஏற்ற காலம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்து டிசம்பரில் ஓயும். ஜனவரி முழுவதும் சுவரின் உள்ளீரம் காயட்டும். மே மாதம் வாக்கில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பி மணலை அள்ளி வீசத் தொடங்கிவிடும். ஈரப் பெயின்டில் மணல் ஒட்டினால் சுவர் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். ஆகவே பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் முதல் பாதிவரைதான் நல்ல காலம். சாந்து வேலையை பிப்ரவரியில் முடித்து, மார்ச் கடைசியில் பெயின்ட் என்று வைத்துக்கொண்டால் இடையில் பூச்சு இறுக ஒரு மாதம் கிடைக்கும்.

எந்தச் சுவருக்குக் கூடுதல் கவனம் என்பது உங்கள் ஊர் எந்தக் கடலைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கு, மேற்குச் சுவர்கள் அடிபடும். தேவிபட்டினம், தொண்டி பக்கம் பாக் நீரிணை. வாடைக் காலத்தில் வடக்கும் கிழக்கும். பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரத்தில் இருப்பவர்களுக்கு நாலு பக்கமும்தான்.

வேலையை எப்போதும் மேலிருந்து கீழாகச் செய்யுங்கள்: சன்ஷேடு, சுவர், பிறகு கதவும் கேட்டும், கடைசியில் படியும் தரையும். தரைக்கல்லை முதலில் பதித்துவிட்டு அதன்மேல் சாந்தும் பெயின்டும் சிந்தவிடுவது நம் ஊரில் தினமும் நடக்கிற கூத்து.

சுவர்: முதலில் அது என்ன சுவர்?

ஒரு ரூபாய் நாணயத்தால் பூச்சை அழுத்திக் கீறுங்கள். மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. நாணயம் வழுக்கிக்கொண்டு கோடு மட்டும் விழுந்தால் சிமெண்ட். சுவர் ஒன்றரை, இரண்டு அடி கனமாக இருந்து, பூச்சு பெயர்ந்த இடத்தில் ஓட்டை ஓட்டையான வெள்ளைக் கல் தெரிந்தால் அது பவளக்கல் கட்டடம். கீழக்கரையின் பழைய தெருக்களிலும் இராமேசுவரத் தீவிலும் இன்னும் இருக்கிறது. சிமெண்ட் ஒரு வகை, சுண்ணாம்பும் பவளக்கல்லும் இன்னொரு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் கெடும்.

சுவர் பொரிவது எப்படி என்று தெரிந்தால் மீதி எளிது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும். அதனால்தான் மழையே இல்லாத நாளிலும் விடியற்காலையில் சுவர் நனைந்த மாதிரி தெரிகிறது. மத்தியானம் வெயிலில் காய்ந்து மறுபடி படிகமாகும். படிகமாகும்போது பூச்சின் நுண்துளைகளுக்குள் நெருக்குகிறது. இப்படி நாள்தோறும் கரைந்தும் உறைந்தும் பூச்சை உள்ளிருந்தே பொடியாக்குகிறது. ஆக, சுவர் ஈரமாக இருப்பதைப் பார்த்தவுடன் குழாய் உடைசல், மாடி ஒழுகல் என்று தேடி இடிக்காதீர்கள். காலையில் ஈரம், மத்தியானம் வெள்ளைப் பொடி என்றால் அது உப்பு. நாள் முழுக்க ஈரம் நின்றால்தான் தண்ணீர் வரும் வழியைத் தேட வேண்டும்.

சிமெண்ட் பூச்சுச் சுவர்

பொரிந்த பொடியை முதலில் உலர்ந்த தேங்காய்நார் பிரஷ்ஷால் தேய்த்து, முறத்திலோ சாக்கிலோ ஏந்தி அப்புறப்படுத்துங்கள். எடுத்தவுடன் தண்ணீர் அடித்தால் பொடி கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். வரிசை இதுதான்: உலர்ந்த தேய்ப்பு, பிறகு கழுவல், பிறகு காயவிடல். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். வீட்டு போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறது என்றால் அதில் கழுவுவது உப்பை ஏற்றுவதுதான். காவிரிக் குழாய்த் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ பிடித்துவையுங்கள். ஒரு வாரம் இடைவெளிவிட்டு மீண்டும் தேய்த்துப் பாருங்கள். பொடி வந்தால் மீண்டும் கழுவுங்கள். மூன்றாம் முறையும் அதே அளவு வந்தால் அந்தப் பூச்சு தேறாது. கொத்தி எடுக்க வேண்டியதுதான்.

ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்பவர்கள் உண்டு. கடையில் கிடைப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அது சுவரில் குளோரைடைத்தான் விட்டுப்போகும்; இருக்கிற வினை போதாதா?

கொத்தும்போது பொரிந்த எல்லையோடு நிறுத்தாமல், நல்ல பூச்சுக்குள் ஓர் அடி வரை சேர்த்து எடுங்கள். செங்கல் இடுக்குகளை 10 மி.மீ. ஆழம் தோண்டி, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். மறுபூச்சு ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல். 15 மி.மீ. கனத்தில் 100 சதுர அடிக்கு ஒன்றேகால் மூட்டை சிமெண்டும் 6 கன அடி மணலும் பிடிக்கும். பூச்சுக்கான எம்-சாண்டையோ கழுவிய ஆற்று மணலையோ போடுங்கள். பக்கத்தில் சும்மா கிடக்கிறது என்று கடல் மணலைத் தொடவே கூடாது. கலக்கவும் நனைக்கவும் அதே நல்ல தண்ணீர். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர விதி. நன்றாகக் கரிக்கிற தண்ணீர் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும்.

பூச்சை 7 நாள் காலை மாலை நனையுங்கள். வெயில் சுள்ளென்று அடித்தால் ஈரச்சாக்கு போடுங்கள். காற்று உலர்த்திவிட்ட பூச்சில் நூல் நூலாக வெடிப்பு விழும், அந்த வெடிப்பில்தான் அடுத்த வருஷ உப்பு நுழையும். பூசி 28 நாள் கழித்தே பெயின்ட்.

வெளிச்சுவருக்குப் பட்டி வேண்டாம். கடைக்காரர் அது இல்லாமல் வழுவழுப்பு வராது என்பார், உண்மைதான். ஆனால் உப்பு பூக்கும் சுவரில் முதலில் உரிவதும் அந்தப் பட்டிதான். வெளிப்புற பிரைமர் ஒரு கோட், வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட் போதும். எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு 45 முதல் 60 சதுர அடி வரை வரும். சொரசொரப்பான சுவரானால் குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு, பவளக்கல் சுவர்

இந்தச் சுவர் மூச்சுவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாக வெளியே போய்விடும். அப்படித்தான் இத்தனை காலம் நின்றது. அதன்மேல் இடுப்பளவு சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் அதற்கும் மேலே ஏறி, மார்பளவில் பொரியும். பிறகு அதுவரைக்கும் சிமெண்ட் பூசுவார்கள். ஈரம் இன்னும் மேலே போகும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலும் இதே கதை, கொப்புளமாக எழும்பும்.

உப்பை இழுக்க காகிதக் கூழ் நல்ல வழி. அச்சடிக்காத தாளை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அரைத்து, அரை அங்குல கனத்தில் சுவரில் அப்புங்கள். சுவரை அதற்கு முன் லேசாக நனையுங்கள். கூழ் காயக் காய சுவருக்குள் கரைந்த உப்பு வெளியே வந்து கூழில் சேரும். முழுக்கக் காய்ந்து தானாக விடும்போது உரித்துத் தூரப் போடுங்கள், சுவரடியில் போடாதீர்கள். இரண்டு மூன்று முறை செய்தால் வித்தியாசம் தெரியும்.

பெயர்ந்த இடத்துக்கு ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி அன்றைக்கே பூசினால், நீறாத துகள் பூச்சுக்குள் பின்னால் நீறிப் பொத்தல் பொத்தலாக வெடிக்கும். சில வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறட்டும். ஒரு கோட் 10 மி.மீ.க்கு மேல் போகாமல், ஒவ்வொன்றும் இறுகிய பின் அடுத்தது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது பழைய வழக்கம். அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும், கை பழகியவர் இருந்தால் அவரிடம் விட்டுவிடுங்கள். சிமெண்டை ‘கொஞ்சம் பிடிப்புக்கு’ என்று சேர்க்க மட்டும் விடாதீர்கள். கல் விழுந்த குழியை அதே வீட்டின் உதிர்ந்த கல்லாலோ பழைய செங்கல் துண்டாலோ அடையுங்கள். கடலிலிருந்து புதிதாகப் பவளக்கல் எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மேலே வெள்ளையடிப்புதான். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர்; நீற்றி ஒரு நாள் வைத்து, துணியில் வடிகட்டி, சுவரை நனைத்துக்கொண்டு பால் பதத்தில் மூன்று கோட். கெட்டியாக ஒரே கோட்டில் அடித்தால் செதில் செதிலாக உதிரும். கண்ணில் தெறித்தால் சுண்ணாம்பு பார்வையையே கெடுக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள்.

சன்ஷேடு

அடியில் பழுப்புக் கோடு தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் கான்கிரீட் பிளந்து விழுகிறது. சுத்தியலால் தட்டி, பொத்தென்று ஒலிக்கும் பகுதியைக் கம்பிக்குப் பின்னாலும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு எடுங்கள். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துப் பூசி மூடினால் பின்பக்கத் துரு இரண்டு மழையில் பூச்சைத் தள்ளிவிடும். கம்பி பளிச்சென்று வரும்வரை தேய்த்து, கழுவி, காயவைத்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த ரிப்பேர் சாந்தை அடுக்கடுக்காக வையுங்கள். கம்பி கால்பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் அது வீட்டுக்காரர் வேலையில்லை, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

வேலையோடு வேலையாக, சன்ஷேடின் அடிப்பக்கத்தில் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே, அரை அங்குல அகலத்தில் ஒரு நீள்காடி விடுங்கள். மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டி விழும். காடி இல்லாவிட்டால் அடிப்பக்கமாக ஊர்ந்து வந்து கதவு நிலையில் இறங்கும்.

இரும்பு கேட்

கடலோரத்தில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். துருவை மேலாகச் சுரண்டி, ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் ஒரு கோட் என்று தீபாவளிக்கு முன் அடிப்பார்கள். பொங்கலுக்குள் வெல்டிங் ஓரங்களில் பழுப்பு கசியும். துருக்குழிகளுக்குள் உப்பு அப்படியே இருந்ததுதான் காரணம்.

சரியான முறை இது. தளர்ந்த பெயின்டையும் துருவையும் சுரண்டியால் எடுத்து, வயர் பிரஷ், அதன்பின் 80 நம்பர் எமரி, பிறகு 120. இதன் பிறகு கழுவுங்கள். தேய்ப்பதற்கு முன்னால் மட்டும் கழுவினால் போதாது. தேய்த்து முடித்த பிறகுதான் குழிக்குள் இருக்கும் உப்பு திறக்கும். நைலான் பிரஷ்ஷும் நல்ல தண்ணீரும் கொண்டு குழி குழியாகத் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து வெயிலில் காயவையுங்கள். ஒரு மணி நேரத்தில் கரும்புள்ளிகள் ஈரமாகத் தெரிந்தால் அங்கே உப்பு இன்னும் இருக்கிறது. அங்கே மட்டும் திரும்பத் தேய்த்துக் கழுவுங்கள்.

சுத்தமான இரும்பு இந்தக் காற்றில் ஒரு ராத்திரி தாங்காது. காய்ந்த அன்றைக்கே பிரைமர் அடித்தாக வேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் அடிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பனி ஈரம் இரும்பில் உட்கார்ந்திருக்கும். சந்தேகமானால் ஈரத்துணியால் ஒரு கை அகலம் துடைத்துப் பாருங்கள். 15 நிமிஷத்தில் உலர்ந்தால் அடிக்கலாம்.

பிரைமர், இரண்டு டப்பாவாக வரும் ஜிங்க் பாஸ்பேட் எபாக்சி. டப்பாவில் போட்ட விகிதத்தில் அளந்து கலந்து, அதில் சொன்ன நேரம் ஆறவிட்டு அடியுங்கள். கண்மதிப்பில், இறுகவைக்கும் ஹார்ட்னரை ஊற்றினால் ஒன்று பிசுபிசுவென்று காயாமல் கிடக்கும், இல்லை டப்பாவிலேயே கட்டியாகும். ஒரு கோட்டுக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். 10 அடிக்கு 5 அடி தகடு கேட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து 100 சதுர அடி. பிரஷ்ஷால் அடிக்க கோட்டுக்கு ஒன்றரை லிட்டர் பிடிக்கும், இரண்டு கோட் வேண்டும். முதலில் வெல்டிங், மூலை, விளிம்பு, போல்ட் தலை இவற்றுக்கு மட்டும் சின்ன பிரஷ்ஷால் ஒரு கை. கூர்மையான விளிம்பில் பெயின்ட் தானாகவே மெலிந்துபோகும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். மேல்கோட் பாலியூரித்தேன், இரண்டு கோட். எபாக்சியையே மேல்கோட்டாக விட்டால் வெயிலில் சுண்ணாம்புப் பொடி போல வெளுத்துவிடும். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். வீட்டு கேட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, ஆனால் அங்கே என்ன காற்று என்பதற்கு அது ஒரு அளவுகோல்.

பைப் கேட்டானால் மேல்முனை திறந்திருக்கிறதா பாருங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே அடி உடையும். மேலே மூடி வைத்து வெல்டிங் பிடித்து, அடியில் 6 மி.மீ. துளை போடுங்கள். கேட்டின் அடிச்சட்டம் தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது மேலே இருக்கட்டும். மணல் சேர்ந்து மூடினால் அங்கே ஈரம் காயவே காயாது.

ஜி.ஐ. பைப்பின்மேல், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பின்மேல், எனாமலை நேரே அடிக்கக் கூடாது. எனாமலின் எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகி, தாள் தாளாக உரியும். ஜி.ஐ.க்கென்று உள்ள பிரைமர் கேட்டு வாங்குங்கள். வெல்டிங் பிடித்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும், அங்கே ஜிங்க் ரிச் பெயின்ட்.

எவர்சில்வர் கேட், கைப்பிடி வைப்பதானால் 304 போதும் என்பார்கள். கடல் தெரிகிற வீட்டில் 304 சீக்கிரமே தேநீர்க் கறைபோலப் பழுப்பாகும். 316 வகையில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, அதுதான் குளோரைடைத் தாங்கும். எதுவானாலும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இரும்பு ஸ்கிரப்பர் ஆகாது. அதன் துகள் ஒட்டித் துருவாகும்.

கதவு

மழைக்காலத்தில் கதவு இறுகினால் இழைக்காதீர்கள். மரம் ஊறியிருக்கிறது, அப்போது இழைத்தால் சித்திரையில் விரல் நுழையும் சந்து விழும். மார்ச்சிலும் இடித்தால் அப்போது இழைக்கலாம்.

கதவைக் கழற்றி, பழைய வார்னிஷை உப்புத்தாளால் எடுத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவையுங்கள். வெளிப்புறத்துக்கான பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கோட். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 220 நம்பர் தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. எல்லாரும் விட்டுவிடும் இடம் கதவின் அடி விளிம்பும் மேல் விளிம்பும். மரத்தின் நார் வாய் திறந்திருப்பது அங்கேதான், தண்ணீர் குடிப்பதும் அங்கேதான். அங்கே ஒரு கோட் கூடவே கொடுங்கள். கீலும் திருகும் பித்தளையிலோ 316லோ இருக்கட்டும். பித்தளைக் கீலுக்கு இரும்புத் திருகு போட்டால் முதலில் திருகுதான் கரையும்.

படி, தரை, கால் கழுவும் இடம்

படி உயரம் 6 அங்குலம், மிதி 12 அங்குலம், எல்லாப் படியும் ஒரே அளவு. அரை அங்குலம் வேறுபட்டாலும் இருட்டில் கால் தடுக்கும். மூன்று படி, அதாவது 18 அங்குல உயரத்துக்குச் சாய்தளம் வைப்பதானால் 18 அடி நீளம் வேண்டும்; அடிக்கு ஓர் அங்குலம்தான் கணக்கு. இடமில்லை என்று ஆறடியில் முடித்தால் சக்கர நாற்காலி ஏறாது, பெரியவர்கள் சறுக்குவார்கள்.

வழவழப்பான டைல்ஸ் வாசலுக்கு ஆகாது. அதன்மேல் காய்ந்த மணல் நாலு துகள் கிடந்தால் போதும், கால் வழுக்கும். சொரசொரப்பான கிரானைட்டோ, ஈரச்சாந்தில் விளக்குமாற்றால் குறுக்குக் கோடு இழுத்த சிமெண்ட் தரையோ நல்லது. கோலம் போட மூன்றடிச் சதுரத்துக்குச் சாணி மெழுகினால் பிடிக்கிற வெறும் சிமெண்ட் தரையை விட்டுவையுங்கள். சுவரிலிருந்து வெளியே அடிக்கு கால் அங்குலம் சாய்வு வேண்டும், ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம் போடுவது செங்கல் வீட்டுக்குச் சரி. பவளக்கல் வீட்டுக்கு வேண்டாம். தரையிலிருந்து ஆவியாகிற ஈரம் போக வழியில்லாமல் சுவருக்குள் ஏறும். அங்கே ஓரடி ஆழம் தோண்டி முக்கால் அங்குல ஜல்லி நிரப்பினால் போதும்.

கடற்கரையிலிருந்து வருபவர்களுக்குப் படிக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வையுங்கள். அதன் கீழே இரண்டடிச் சதுரத்தில் நாலங்குலக் குழி, மேலே கம்பி வலைக்குப் பதில் பிளாஸ்டிக் சல்லடைத் தட்டு. மணல் குழியில் தங்கும், தண்ணீர் செடிக்குப் போகும். மணலை வாரம் ஒரு தடவை அள்ளாவிட்டால் தண்ணீர் வெளியே போகும் வழி அடைத்துக்கொள்ளும்.

விளக்கும் மணியும்

வாசல் விளக்கு, தூசியும் பீச்சும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 தரத்தில், பாலிகார்பனேட் உடலோடு வாங்குங்கள்; அலுமினிய உடல் பெயின்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கும். வயர் நுழையும் வாய் கீழே பார்க்க வேண்டும், வயரை ஒரு வளைவு தொங்கவிட்டு நுழையுங்கள், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மணி சுவிட்சைச் சன்ஷேடுக்கு உள்ளே தள்ளி வையுங்கள். வயர் இழுப்பதை உரிமம் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காற்றுக்கு முன்னால் ஒரு வேலி

உயரமான காம்பவுண்டுச் சுவர் கட்டினால் மணல் வராது என்று நினைப்பது தப்பு. காற்று சுவரைத் தாண்டிச் சுழன்று மணலை அதற்கு உள்பக்கத்திலேயே கொட்டும். பாதி காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் வேலிதான் வேகத்தைக் குறைத்து மணலை வெளியிலேயே விழவைக்கும். நம் பக்கத்துப் பனைமட்டை வேலி இதைத்தான் செய்கிறது. மட்டைக்கு மட்டை ஏறக்குறைய ஒரு மட்டை அகலம் சந்துவிட்டு, ஓரடி ஆழம் புதைத்து, குறுக்கே இரண்டு வரிசைக் கம்பு கட்டுங்கள். கட்டுக்கம்பி சீக்கிரம் துருப்பிடித்து அறும். மீன்பிடிக் கயிறு போதும். உள்பக்கமாகப் பூவரசு, அரளி, காகிதப்பூ வைக்கலாம், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி; சுவரை ஒட்டி வைத்தால் தினமும் ஊற்றுகிற தண்ணீர் அடித்தளத்துக்குப் போகும். வருஷத்துக்கு ஒரு தடவை வேலியை அசைத்துப் பார்த்து, அடி இற்ற மட்டையை மட்டும் உருவிப் புது மட்டை சொருகுங்கள். முழு வேலியையும் பிரிக்க வேண்டியதில்லை.